சென்னைல இருந்து கோடியக்கரை வரைக்கும் கடலோரமா ஒரு ட்ரிப்: கிழமையும் மணியும் பாத்து பிளான் பண்றது எப்படி

ஈசிஆர், அதான் கிழக்குக் கடற்கரைச் சாலைன்னு சொன்னா நம்ம ஆளுங்க பெரும்பாலும் மகாபலிபுரம், பாண்டி, அதோட நிறுத்திடுவாங்க. ஆனா பாண்டிக்கு அப்புறமும் கரை போய்க்கிட்டேதான் இருக்கு, கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேதாரண்யம்னு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, எல்லாமே ஒரு காலத்துல கப்பல் வந்து நின்ன ஊருங்க, சோழன் ஆண்ட துறைமுகம், டச்சுக்காரன் கட்டின கோட்டை, டேனிஷ்காரன் போட்ட தெரு, பிரெஞ்சுக்காரன் வெச்ச ஊருன்னு இவ்ளோ நெருக்கமா வேற எங்க கிடைக்கும் சொல்லுங்க. எனக்கு இந்தக் கரை ரொம்பப் பிடிக்கும், அதனால இத அவசரமா ஓட்டிட்டுப் போறவங்கள பாத்தா நிஜமாவே வருத்தமா இருக்கும்.

மொத்தமா பாத்தா திருவான்மியூர்ல இருந்து கோடியக்கரைக்கு ஒரு 370 கிலோமீட்டர் சொச்சம்தான். காலைல கிளம்பினா ராத்திரிக்குள்ள போய்ச் சேந்துடலாம், அதான் பிரச்சனையே. எல்லாரும் மேப்ப பாத்து ஒரு நாளைக்கு இத்தன கிலோமீட்டர்னு பிரிச்சுடறாங்க, அப்புறம் மதியம் ஒரு மணிக்குக் கோயில் வாசல்ல போய் நிக்கறாங்க, கதவு சாத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை கோட்டைக்குப் போறாங்க, மியூசியம் லீவு. சனிக்கிழமை காரைக்கால் பக்கம் போனா திருநள்ளாறு கூட்டத்துல வண்டி நகராது. இந்த ரூட்டுல தூரம் ஒரு விஷயமே இல்ல, எந்த ஊர்ல எந்தக் கிழமை எத்தன மணிக்கு நிக்கறோம்ங்கறதுதான் விஷயம். அத மட்டும் சரியா போட்டுட்டீங்கன்னா மிச்சம் தானா அமைஞ்சுடும்.

முதல்ல மாசம்

ஜனவரி கடைசி, பிப்ரவரி, இதான் நல்ல நேரம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை, புயல் வந்தா இந்தக் கரைலயும் வந்து மோதும், 2018 நவம்பர்ல கஜா வேதாரண்யம் பக்கத்துலதான் கரையேறுச்சு, அந்தப் பக்கம் தென்னந்தோப்பெல்லாம் சாஞ்சு போனது இன்னும் யாரும் மறக்கல. நவம்பர்லதான் லீவு கிடைக்கும்னா போங்க, ஆனா கடலூர்லயோ நாகைலயோ புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டாங்கன்னு நியூஸ் வந்தா அன்னிக்கே உள்பக்கமா திரும்பிடணும், நாளைக்குப் பாக்கலாம்னு உக்காந்திருக்கக் கூடாது.

ஏப்ரல், மே வெயில்ல கோட்டை எல்லாம் நின்னு பாக்கவே முடியாது, இந்தக் கோட்டைங்க பல எடத்துல கூரையே கிடையாது. இன்னொண்ணு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுல வர்ற கொஞ்சம் மீன்தான். மீன் சாப்பாட்டுக்காகப் போறவங்க இத பாத்துக்கோங்க. பொங்கல் லீவுல வேண்டவே வேண்டாம், காணும் பொங்கல் அன்னிக்கு மகாபலிபுரத்துல கால் வைக்க எடம் இருக்காது. ஆகஸ்ட் 29ல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணித் திருவிழா, அதுக்கு முன்னாடி ஒரு வாரமாவே ஈசிஆர் ஓரமா காவி டிரஸ் போட்டுக்கிட்டு நடந்து போற கூட்டம் இருக்கும், ராத்திரில வண்டி ஓட்டறது அந்த டைம்ல ரொம்ப ஆபத்து, அவங்களுக்கும் நமக்கும்.

அப்புறம் கிழமை

நான் சொல்றது, வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு கிளம்புங்க. ஏன்னா கணக்கு இப்படி வருது: வெள்ளிக்கிழமை பாண்டியத் தாண்டிடுவீங்க, அதாவது வீக்கெண்ட் கூட்டம் வந்து இறங்கறதுக்கு முன்னாடி. சனிக்கிழமை பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், சிதம்பரம், அதனால திருநள்ளாறு பக்கம் சனிக்கிழமை இருக்க மாட்டீங்க. ஞாயிறு பூம்புகார் வழியா தரங்கம்பாடி, திங்கக்கிழமை காலைல அங்க கோட்டை மியூசியம் தொறந்திருக்கும். அன்னிக்கு சாயங்காலம் நாகூர், அங்க வியாழன் வெள்ளிலதான் கூட்டம் ஜாஸ்தி, திங்கள் அமைதியா இருக்கும். செவ்வாய் வேதாரண்யம், கோடியக்கரை, அப்படியே திரும்ப வேண்டியதுதான். அஞ்சு ராத்திரி, மகாபலிபுரம், கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம். ஒரு நாளைக்கு சராசரியா 75 கிலோமீட்டர்கூட வராது, அது போதும், அதுக்கு மேல போனா ஊர பாக்க மாட்டீங்க, ரோட்டதான் பாப்பீங்க.

லீவு இவ்ளோ கிடைக்காதுன்னா பாதிய வெட்டுங்க, எல்லாத்தையும் வேகமா பாக்காதீங்க. மூணு நாள்தான் இருக்குன்னா சிதம்பரம் வரைக்கும் டிரெயின்ல போயி அங்க கார் வாடகைக்கு எடுத்துக்கிட்டு தெக்க போங்க, என்னப் பொறுத்தவரை இந்த ரூட்டோட நெஞ்சுப்பகுதி சிதம்பரத்துக்குத் தெக்கதான் இருக்கு.

ரூம் புக் பண்றதுல ஒரு வரிசை இருக்கு. முதல்ல தரங்கம்பாடி, ஏன்னா அங்க தங்கற எடமே கையளவுதான். அது கிடைச்ச தேதிய வெச்சு மத்தத போடுங்க. கிடைக்கலன்னா பக்கத்துல திருக்கடையூர்ல லாட்ஜ் நிறைய இருக்கு, அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் பண்றவங்களுக்காகவே வந்ததுங்க, ஆனா முகூர்த்த நாள்ல ஒரு ரூம்கூட கிடைக்காது, காலண்டர் பாத்துட்டு போன் பண்ணுங்க. கடலூர், சிதம்பரம், நாகைல கவலையில்ல, அன்னிக்குப் போயி கேட்டாகூட கிடைக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை, புதன்கிழமை நேரம் இருந்தா எழும்பூர் மியூசியம் போயி நாகப்பட்டினத்துல கிடைச்ச புத்தர் வெண்கலச் சிலைங்கள பாத்துட்டு வாங்க (வெள்ளிக்கிழமை லீவு அங்கயும்). ஏன் சொல்றேன்னா நாகைக்குப் போயி நின்னா அங்க ஒரு காலத்துல இருந்த விகாரத்தோட, அதாவது புத்த மடத்தோட, ஒரு செங்கல்கூட இல்ல, ஊர் அங்க இருக்கு, சிலை இங்க இருக்கு. முன்னாடியே பாத்திருந்தாதான் அந்த எடத்துல நிக்கறதுக்கு அர்த்தம் வரும்.

மணிக்கணக்கு

நம்மது கிழக்குக் கரை. சூரியன் கடல்ல உதிக்கும், நிலத்துல மறையும். கோவா போட்டோ பாத்துட்டு சன்செட்டுக்கு பீச்சுக்குப் போனா முதுகுக்குப் பின்னாடி ஏதோ ஒரு கட்டடத்துக்குப் பின்னால இறங்கிடும். அதனால கடல் காலைல அஞ்சே முக்கால்ல இருந்து எட்டு வரைக்கும், கோயில் எட்டுல இருந்து பன்னெண்டுக்குள்ள, இல்லன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல, பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் வண்டி ஓட்டறது, சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். கோட்டைங்க காலை பத்துக்குள்ள, இல்லன்னா மூணரைக்கு மேல. இந்த நாலு வரிய எழுதி டேஷ்போர்டுல ஒட்டிக்கோங்க.

வியாழன்: மகாபலிபுரம் வரைக்கும்

மதியம் ரெண்டு மணிக்குத் திருவான்மியூர தாண்டிடுங்க. முட்டுக்காடு பக்கத்துல தக்ஷிணசித்ரா இருக்கு, தென்னிந்தியாவோட பழைய வீடுங்கள அப்படியே பேத்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வெச்சிருக்காங்க, செட்டிநாட்டு வீடு, கேரளா வீடு, நெசவாளர் வீடு எல்லாம். பாக்காதவங்க ஒன்றரை மணி நேரம் குடுங்க (செவ்வாய்க்கிழமை லீவு). கோவளத்துல ஒரு காலத்துல நவாப் கோட்டை இருந்துச்சு, 1752ல கிளைவ் புடிச்சு இடிச்சுட்டான், இப்போ அந்த எடத்துல பெரிய ஹோட்டல்தான் இருக்கு, அதனால நிக்க வேண்டாம்.

நிக்க வேண்டிய எடம் சாளுவன்குப்பம். புலிக்குகைக்கு எல்லாரும் போறாங்க, அதுக்குக் கொஞ்சம் வடக்க ஒரு முருகன் கோயில் இருக்கு, 2004 சுனாமி வந்தப்ப மணல் அரிச்சு பாறைல கல்வெட்டு வெளிய தெரிஞ்சுச்சு, அத வெச்சு 2005ல தோண்டினாங்க, மேல பல்லவர் காலக் கட்டுமானம், அதுக்கு அடில அதவிடப் பழைய செங்கல் கோயில். அலை ஊர அழிச்சுட்டு ஒரு கோயில வெளிய காட்டிட்டுப் போயிருக்கு. கூட்டமே இருக்காது, அஞ்சு மணி வாக்குல போங்க.

மகாபலிபுரத்த பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் தெரியும். ஒண்ணே ஒண்ணு, அங்க தங்கறதோட லாபமே மறுநாள் காலைல ஆறு மணிக்கு கேட் தொறந்ததும் கடற்கரைக் கோயிலுக்குள்ள போறதுதான். பல்லவ ராஜா ராஜசிம்மன் காலத்து கல்லு, கிழக்குல இருந்து வர்ற முதல் வெளிச்சம் நேரா அதுமேல விழும், பஸ்ல வர்ற கூட்டம் ஒன்பதுக்கு மேலதான். ஒரே டிக்கெட்ல அஞ்சு ரதமும் பாத்துடலாம், வெச்சிருங்க தூக்கிப் போட்டுடாதீங்க.

வெள்ளி: சதுரங்கப்பட்டினம், ஆலம்பரை, பாண்டிய ஓரமா தொட்டுட்டு கடலூர்

எட்டரைக்குக் கிளம்புங்க. பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்ல கல்பாக்கம், அத ஒட்டி சதுரங்கப்பட்டினம், வெள்ளக்காரன் சட்ராஸ்னு கூப்பிட்டது. 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கோட்டை, இங்க நெய்த மெல்லிசு துணி ஐரோப்பாவுக்குக் கப்பல்ல போயிருக்கு. உள்ள போனீங்கன்னா டச்சுக்காரங்களோட கல்லறை இருக்கு, கல்லுல எழுத்தும் குடும்பச் சின்னமும் அவ்ளோ சுத்தமா செதுக்கியிருப்பாங்க, முந்நூறு வருஷம் உப்புக்காத்துல நின்ன கல்லுன்னு நம்பவே முடியாது. தானியக் கிடங்கு, கிணறு, மதில் மேல ஏறினா கடல். 1782 பிப்ரவரில இந்த ஊருக்கு எதிர்ல கடல்லதான் பிரெஞ்சுக் கப்பலும் இங்கிலீஷ் கப்பலும் சண்ட போட்டுச்சு, மதில்ல நின்னு அந்தப் பக்கம் ஒரு தடவ பாருங்க. அணுமின் நிலையம் பக்கத்துல இருக்கறதால ட்ரோன எடுக்கவே எடுக்காதீங்க, நிலையம் இருக்கற பக்கம் கேமராவ திருப்பாதீங்க.

அங்கிருந்து தெக்க கடப்பாக்கம் வந்து இடதுபக்கம் திரும்பினா ஆலம்பரைக் கோட்டை. ஈசிஆர்ல பாண்டிக்குப் போற நூத்துல தொண்ணூறு வண்டி இந்தத் திருப்பத்த பாக்காமலே போயிடும். முகலாயர் காலத்துல எழும்பின கோட்டை, நாணயம் அடிச்ச எடம், 1750ல பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் குடுத்தாங்க, பத்தே வருஷத்துல, 1760ல, இங்கிலீஷ் படை வந்து ஒடச்சிடுச்சு. செங்கல்லும் சுண்ணாம்புமா மதில் இடிஞ்சு கிடக்கும், கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவுல, மணல்ல புதைஞ்சபடி பழைய படகுத்துறையோட மிச்சமும் இருக்கு. அங்க மீனவர்கள் படகுல கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் மணல்திட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க, ஏறறதுக்கு முன்னாடியே போக வர எவ்வளவு, அங்க எவ்ளோ நேரம் நிக்கலாம்னு பேசிக்கோங்க, லைஃப் ஜாக்கெட் கேளுங்க. நிழல் கிடையாது, தண்ணி கடை கிடையாது, பதினொண்ணுக்குள்ள முடிச்சுட்டு வெளிய வந்துடணும். இடிஞ்ச மதில்மேல ஏறி போட்டோ எடுக்கறது ரெண்டு வகைல தப்பு, நீங்களும் விழுவீங்க, அதுவும் விழும்.

அடுத்து மரக்காணம், ரோடு ரெண்டு பக்கமும் உப்பளம். ஜனவரில பாத்தி கட்ட ஆரம்பிப்பாங்க, அப்புறம் மாசக்கணக்கா வெள்ள வெள்ளையா குவிச்சு வெச்சிருப்பாங்க. வண்டிய ஓரம் கட்டி பாருங்க, வரப்புல நடக்கறதா இருந்தா வேல செய்யறவங்கள கேட்டுட்டு இறங்குங்க, செருப்போட பாத்திக்குள்ள கால வைக்காதீங்க. பக்கத்துல கழுவேலி ஏரி, 2024ல ராம்சார்னு சொல்ற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல சேந்துச்சு, பறவை பாக்கறவங்க பைனாகுலர் கொண்டு போங்க.

பாண்டில மதியச் சாப்பாடு, பெட்ரோல் போட்டுக்கோங்க (வழக்கமா நம்ம பக்கத்தவிட ரேட் கம்மி), பாட்டில் எதுவும் வாங்கி டிக்கில வெச்சு எல்லை தாண்டாதீங்க, கடலூர் பக்கம் செக்போஸ்ட்ல நிறுத்திப் பாப்பாங்க. ஒயிட் டவுன் இன்னொரு நாள் பாத்துக்கலாம், ஓடிடாது. அதுக்குப் பதிலா நாலு மணிக்கு அரிக்கமேடு போங்க. 1945ல தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டி ரோமாபுரியோட நடந்த வியாபாரத்த வெளிய கொண்டுவந்த எடம். தோண்டின குழி எல்லாம் மூடியாச்சு, கண்ணுக்குத் தெரியறது பின்னால வந்த ஒரு பிரெஞ்சுக் கட்டடத்தோட இடிஞ்ச சுவரும் மாந்தோப்பும் ஆறும்தான், ஏமாந்துடாதீங்க, அந்த ஆத்தங்கரைல நின்னு இங்க ரோமானிய ஜாடி இறங்கியிருக்குன்னு யோசிக்கறதுக்காகப் போற எடம் அது. சாயங்காலம் கடலூர் போய்ச் சேந்துடலாம், இருபத்தஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான்.

சனி: கடலூர், பரங்கிப்பேட்டை, பிச்சாவரம், சிதம்பரம்

காலைல தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல சூரியன பாத்துட்டு, அங்கயே பக்கத்துல புனித டேவிட் கோட்டை இருந்த எடம். 1690ல கம்பெனிக்காரன் மராட்டியர்கிட்ட இந்தக் கோட்டைய வாங்கினப்ப, பீரங்கிய வெடிச்சு குண்டு எவ்ளோ தூரம் விழுதோ அவ்ளோ நிலமும் சேத்துன்னு பேச்சு, அப்படி வந்த ஊருங்களுக்கு இன்னிக்கும் குண்டு சாலை, குண்டு உப்பலவாடின்னுதான் பேரு. கோட்டைல மிச்சம் ரொம்பக் கம்மி. ஆனா கடலூர்ல இன்னொரு ஆழமான கதை இருக்கு, அப்பர கல்லுல கட்டி கடல்ல போட்டப்ப அந்தக் கல்லே தெப்பமா மிதந்து வந்து கரை சேந்த எடம்னு சொல்றது இங்கதான், கரையேறவிட்டகுப்பம்னு ஊர் பேரே இருக்கு. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில ஏழரை மணிக்குப் பாத்துட்டு டிஃபன் சாப்பிட்டுட்டு கிளம்பிடுங்க.

மெயின் ரோட்டுல பு.முட்லூர் வந்ததும் இடதுபக்கம் திரும்பினா பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர், டச்சு, இங்கிலீஷ் எல்லாரும் வந்து போன துறைமுகம், இங்கதான் 1781 ஜூலை 1ஆம் தேதி ஹைதர் அலியோட படைக்கும் இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டோட படைக்கும் பெரிய சண்டை நடந்துச்சு, ஹைதர் தோத்தாரு. 1830கள்ல ஹீத்னு ஒருத்தர் சேலத்து இரும்புத் தாத வெச்சு இங்க இரும்பாலை நடத்தியிருக்காரு, இந்தியாவுல ஐரோப்பிய முறைல இரும்பு உருக்கின ஆரம்ப முயற்சிங்கள்ல ஒண்ணு, இந்த அமைதியான ஊர பாத்தா யாராவது நம்புவாங்களா. பெரிய நினைவுச்சின்னம்னு எதுவும் தேடாதீங்க, தெருவ பாருங்க, பழைய முஸ்லிம் வீடுங்களோட திண்ணை, மரத்தூண், தர்காக்கள், வெள்ளாறு கடல்ல கலக்கற முகத்துவாரம். அண்ணாமலை யுனிவர்சிட்டியோட கடல் உயிரியல் மையம் இங்கதான் இருக்கு, அங்க மியூசியமும் உண்டு, ஆனா அது வாரநாள்ல ஆபீஸ் நேரத்துக்குத்தான் சரிப்படும். ஒன்றரை மணி நேரம் நடந்தா போதும்.

அங்கிருந்து பிச்சாவரம். சுரபுன்னைக் காடு, 2022ல ராம்சார் அங்கீகாரம் வாங்குச்சு. இங்க ஒரே ஒரு முடிவுதான் எடுக்கணும், மோட்டார் போட்டா துடுப்புப் படகான்னு, துடுப்புப் படகே எடுங்க. மோட்டார் போட் அகலமான கால்வாய்லயே சுத்திட்டு வந்துடும், துடுப்புப் படகுதான் வேர் தலைல இடிக்கற மாதிரி குறுகலான வழிக்குள்ள போகும், நண்டு வேர்மேல ஏறறது, கொக்கு நிக்கறது எல்லாம் சத்தமில்லாம இருந்தாதான் தெரியும். தொப்பி, தண்ணி எடுத்துக்கோங்க, சனிக்கிழமை கூட்டம் வரும் அதனால பதினொண்ணுக்குள்ள டிக்கெட் கவுன்டர்ல இருங்க. ரெண்டு மணிக்கு சிதம்பரம், சாப்பாடு, தூக்கம், அஞ்சு மணிக்கு மேல நடராஜர். மறுநாள் காலை டிஃபனுக்கு இட்லியோட கத்திரிக்கா கொத்சு கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க.

ஞாயிறு: பூம்புகார் வழியா தரங்கம்பாடி

கொள்ளிடம் பாலம் தாண்டி, சீர்காழி, திருவெண்காடு, பூம்புகார். இங்க எதிர்பார்ப்ப கொஞ்சம் சரி பண்ணிக்கணும், சோழனோட பெரிய பட்டினம் கடலுக்கு அடிலயும் வயலுக்கு அடிலயும்தான் இருக்கு, கீழையூர்ல படகுத்துறையோட செங்கல் கட்டுமானமும் பல்லவனேச்சுரத்துல புத்த விகாரத்தோட அடித்தளமும் தோண்டி எடுத்தாங்க. எழுநிலை மாடமா நிக்கற சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973ல கட்டினது. ஆனா காவிரி கடல்ல கலக்கற எடத்துக்குக் கண்டிப்பா நடந்து போங்க, குடகுல இருந்து வர்ற ஆறு, வழில எல்லாரும் குடிச்சு, விதைச்சு, தடுத்து, மிச்சம் ஒரு வாய்க்கா அகலத்துக்கு இங்க வந்து சேருது, டெல்டாக்காரங்க அத பாத்தா சும்மா வர மாட்டாங்க.

பதினொண்ணுக்குள்ள திருக்கடையூர் போயிடுங்க, அபிராமி சந்நிதி நடை சாத்தறதுக்குள்ள. அப்புறம் தில்லையாடி, தென்னாப்பிரிக்காவுல காந்தியோட போராட்டத்துல ஜெயிலுக்குப் போயி 1914ல பதினாறு வயசுல செத்துப்போன வள்ளியம்மையோட பூர்வீக ஊரு, 1915ல காந்தியே இங்க வந்தாரு. சின்ன நினைவகம்தான், அரை மணி நேரம்.

மூணு மணிக்கு தரங்கம்பாடி. இந்த ட்ரிப்புல எந்த ஊருக்கு நேரத்த குறைச்சாலும் இதுக்குக் குறைக்காதீங்க. 1792ல கட்டின நகர வாசல் வழியா உள்ள நுழைஞ்சதும் வண்டிய நிறுத்திட்டு நடங்க, ராஜா தெருன்னு பேரு, நேரா கடலுக்குப் போகும், மொத்தமே பத்து நிமிஷ நடை. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரங்க வந்தாங்க, டேன்ஸ்போர்க் கோட்டைய கட்டினாங்க, 1845ல ஊரையே இங்கிலீஷ்காரங்ககிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. நடுவுல 1706ல ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கினாரு, தமிழ் கத்துக்கிட்டாரு, அச்சு இயந்திரம் வரவழச்சாரு, 1715ல புதிய ஏற்பாடு தமிழ்ல முழுசா இங்க அச்சாச்சு, பக்கத்துல பொறையாறுல எழுத்து வார்த்து காகிதம்கூட பண்ணிப் பாத்தாங்க. நாம இன்னிக்கு தமிழ்ல அச்சடிச்சு படிக்கற பழக்கத்துக்கு இந்தத் தெருவுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு, அத நினைச்சுக்கிட்டு நடந்தா வேற மாதிரி இருக்கும். 1701ல வந்த சீயோன் சர்ச், எதிர்த்தாப்ல 1718ல அவரே கட்டின புது எருசலேம் சர்ச், முகப்புல டென்மார்க் ராஜாவோட முத்திரை, உள்ள சீகன்பால்குவோட கல்லறை. ஞாயிறு ஆராதனை நேரம் தவிர மத்த நேரத்துல போய்ப் பாருங்க. கடல் ஓரமா மாசிலாமணிநாதர் கோயில், 14ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல குலசேகர பாண்டியன் காலத்துல கட்டினது, கடல் பாதிய தின்னுடுச்சு, மிச்சத்த கல்லு கொட்டிக் காப்பாத்தி வெச்சிருக்காங்க.

சாயங்காலம் கோட்டைக்கு முன்னாடி உக்காந்தா ஊர்க்காரங்களோட சேந்து காத்து வாங்கலாம், ஆனா உண்மையான நேரம் மறுநாள் காலை அஞ்சே முக்கால், அதுக்காகத்தான் இங்க தங்கச் சொன்னது.

திங்கள்: காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம்

கோட்டை மியூசியம் பத்து மணிக்கு, டேனிஷ் காலப் பொருளுங்க, பீங்கான், ஆவணம்னு இருக்கும், ஒரு மணி நேரம். பதினொண்ணே காலுக்குக் கிளம்பினா காரைக்கால் பக்கம்தான், 1739ல இருந்து பிரெஞ்சுக்காரன் கைல இருந்த ஊரு. காரைக்கால் அம்மையார் கோயில் நடை சாத்தறதுக்குள்ள போயிடலாம், ஆனி பௌர்ணமில மாங்கனித் திருவிழா அன்னிக்கு வந்தா வீட்டு மாடில இருந்து மாம்பழத்த வீசறத பாக்கலாம், அது தனி ட்ரிப். டேங்க நிரப்பிக்கோங்க, மதியச் சாப்பாடு இங்க மீனோட.

நாலு மணிக்கு நாகூர் தர்கா. அஞ்சு மினார், அதுல பெருசு 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக் குடுத்தது. எல்லா மதத்துக்காரங்களும் வர்ற எடம், தலைல கைக்குட்டையோ துணியோ போட்டுக்கிட்டு போங்க, மொட்டை போடறவங்க, புறா, தகட்டுல வீடு, கப்பல், கை, கால்னு வாங்கிக் காணிக்கை போடறவங்கன்னு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்தாலே போதும். வெளிய தெருவுல சாயங்காலம் இறால் வெச்ச வாடா சூடா போடுவாங்க, அத சாப்பிடாம வந்தீங்கன்னா நாகூர் போன கணக்கே இல்ல.

நாகப்பட்டினத்துல ராஜராஜன் காலத்துல சுமத்ராப் பக்கத்து ஸ்ரீவிஜய ராஜா கட்டின சூடாமணி விகாரம் இருந்துச்சு, அதுக்கு ஆனைமங்கலம் ஊர மானியமா குடுத்தது செப்பேட்டுல இருக்கு. புதுவெளிக் கோபுரம்னு ஒண்ணு 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் நின்னு, கடல்ல வர்ற கப்பலுக்கு அடையாளமா இருந்து, 1867ல இடிச்சுட்டாங்க. எழும்பூர்ல பாத்த புத்தர் இந்த மண்ணுல கிடைச்சவரு. டச்சுக்காரனுக்கு சோழமண்டலக் கரைல தலைநகரமும் 1690ல இருந்து 1781 வரைக்கும் இதுதான். நீலாயதாட்சி அம்மன் கோயில ஏழு மணிக்குப் பாத்துடலாம்.

செவ்வாய்: வேதாரண்யம், கோடியக்கரை

காலைல ஆறு மணிக்குக் கிளம்பினா வேளாங்கண்ணில ஏழுக்குள்ள கும்பிட்டுட்டு டிஃபன் முடிச்சுடலாம். அங்கிருந்து வேதாரண்யம் வரைக்கும் ரோட்டுல வண்டி கம்மி, ஆனா ஆடு, நெல்லு, வைக்கோல் எல்லாம் ரோட்டுல இருக்கும், வேகம் வேண்டாம்.

வேதாரண்யத்துல கோயில் முதல்ல, அப்பர் பாடித் தொறந்து சம்பந்தர் பாடிச் சாத்தின கதவு இந்தக் கோயில்தான். அப்புறம் அகஸ்தியம்பள்ளி, 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சில இருந்து ராஜாஜி தொண்டர்களோட நடக்க ஆரம்பிச்சு, 30ஆம் தேதி இங்க உப்பு அள்ளினாரு, நினைவுத் தூண் இருக்கு. சுத்தி இன்னிக்கும் உப்பளம்தான், வேலை நடந்துக்கிட்டே இருக்கு. அந்த நடைபயணத்துக்குச் சோறு போடக் கூடாதுன்னு கலெக்டர் மிரட்டியும் தஞ்சை ஜில்லா ஜனங்க போட்டாங்க, அவங்க வாரிசுங்கதான் இந்த வழில உங்களுக்கு டீ குடுக்கறவங்க.

கோடியக்கரை சரணாலயத்த கடைசியா சாயங்காலம் மூணரைக்கு மேல வெச்சுக்கோங்க, வெயில் தணிஞ்சாதான் வெளிமான் புல்வெளிக்கு வரும். பூநாரை பாக்கணும்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள, அதுக்கு செக்போஸ்ட்ல வனத்துறைக்காரங்கள கேட்டா அன்னிக்கு எந்தப் பக்கம் தண்ணி நிக்குது, எங்க இறங்கியிருக்குன்னு சொல்வாங்க. சோழர் காலக் கலங்கரை விளக்கத்தோட மிச்சம் 2004 சுனாமில விழுந்துடுச்சு, கல்லுதான் கிடக்கும். குரங்கு நிறைய, சாப்பாட்டுப் பைய கைல வெச்சுக்கிட்டு இறங்காதீங்க.

கடல்ல குளிக்கறது, வண்டி, திரும்பற வழி

இந்தக் கரை முழுக்க இழுவை ஜாஸ்தி, மகாபலிபுரத்துல இருந்து பூம்புகார் வரைக்கும் போர்டு வெச்சிருப்பாங்க, வெச்சிருக்கறது காரணமாத்தான். கால நனைங்க, முட்டிக்கு மேல போகாதீங்க, பசங்க கூட இருந்தா கண்ண எடுக்காதீங்க. மீனவர் குப்பத்துல வலை காயறது, படகு இழுக்கறது எல்லாம் அழகாத்தான் இருக்கும், கேட்டுட்டு போட்டோ எடுங்க, ஏலம் நடக்கறப்ப நடுவுல போயி நிக்காதீங்க.

மேப் ஆப்ப போட்டா அது உங்கள எப்பவும் நாலுவழிச் சாலைக்கும் பைபாஸுக்கும்தான் தள்ளும், சதுரங்கப்பட்டினம், கடப்பாக்கம், பரங்கிப்பேட்டை, பூம்புகார், தில்லையாடின்னு ஒவ்வொரு ஊரையும் தனித்தனி ஸ்டாப்பா போட்டாதான் உள்ள விடும். கார் வேணும்னு இல்ல, பைக்லயும் நல்லாவே போகலாம், பகல்ல மட்டும் ஓட்டுங்க. பஸ்ல போறவங்க கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகைன்னு மாறி மாறிப் போகலாம், ஆலம்பரைக்கு மட்டும் ஆட்டோ பேசிக்கணும்.

திரும்பறப்ப அதே கரைல வராதீங்க. வேதாரண்யத்துல இருந்து திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, தஞ்சாவூர்னு உள்பக்கமா போயி ராத்திரி தஞ்சாவூர்ல தங்கிட்டு, மறுநாள் காலைல திருச்சி பைபாஸ் புடிச்சு நேரா சென்னை வந்துடலாம். புதன்கிழமை அன்னிக்கு அந்த ரோட்டுல நெரிசல் கம்மிதான், தாம்பரத்த மட்டும் அஞ்சு மணிக்கு முன்னாடி தாண்டற மாதிரி கிளம்புங்க.